எண்பத்து நான்கு என்று எழுதிய ஞாயிறு

என் கைக்கடிகாரத்தில் விநாடி முள் சிவப்பு. அக்காவின் கணவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, அந்த முள் ஒரு சுற்று முடிக்கும்வரை எண்ணுவேன். ஞாயிறுதோறும் செங்கல்பட்டிலிருந்து முட்டுக்காட்டுக்குப் போய் அவர் நாடித்துடிப்பை நாட்குறிப்பில் எழுதுவதை நானாகவே ஏற்றுக்கொண்டிருந்தேன். "இன்னா மச்சான், கீறனா, பூட்டனா?" என்று, தான் இருக்கிறாரா போய்விட்டாரா எனக் கேட்டுச் சிரிப்பார்.

உப்பங்கழியில் படகு ஓட்டியவர். ஒருநாள் மயங்கி விழுந்தபோதுதான் இதயத் தசை அளவுக்கு மீறித் தடித்திருப்பது தெரிந்தது. "தடிச்ச இதயத்துல ரத்தம் நிரம்ப நேரம் வேணும். அதுக்குத்தான் இந்த மாத்திரை துடிப்பைக் குறைக்குது. அறுபதுக்குப் பக்கத்துல இருந்தா நல்லது. நீங்களா நிறுத்தக் கூடாது" என்றார் மருத்துவர். அதை அன்றே சொல் மாறாமல் எழுதி வைத்தேன். துடுப்பை விட்டு மோட்டார் படகுக்கு மாறினார் மாமா. படகைக் கரைக்கு இழுப்பதை மட்டும் விடவில்லை.

எண்பத்தெட்டாக இருந்த துடிப்பு அறுபத்திரண்டுக்கு இறங்கியது, பிறகு ஐம்பத்தெட்டு. என் கையாலேயே எழுதியிருந்தும் அந்தச் சிறிய எண் எனக்குப் பயம் தந்தது. அவருக்கோ வேறு கவலை. "மாத்திர போட்டா ஒரே அசதியா கீது மச்சான். படக இழுக்கறப்ப கை வுட்டுப்பூடுது. பசங்க 'பெருசு, ஒதுங்கு'ன்றானுங்க." "போகப் போகப் பழகிடும் மாமா" என்றேன். மருத்துவரிடம் சொல்லியிருந்தால் அளவையோ மருந்தையோ மாற்றிப் பார்த்திருப்பார். எனக்குத் தோன்றவில்லை. அவர் சொன்னதை நான் எழுதவும் இல்லை. எண்ணை மட்டும் எழுதினேன்.

அடுத்த ஞாயிறு எண்பத்து நான்கு. மறுபடி எண்ணினேன், அதேதான். முகத்தில் தெளிவு, குரலில் பழைய தெம்பு. "பாத்தியா, தேறிக்கினேன்" என்றார். எண்ணுக்குப் பக்கத்தில் 'நன்று' என்று எழுதி அடிக்கோடிட்டேன். அந்த வெள்ளிக்கிழமை, படகை இழுக்கும்போது விழுந்தவர் எழவில்லை. காரியங்கள் முடிந்தபின் படகிலிருந்த பெட்டிக்குள் இரண்டு மாத்திரை அட்டைகளை அக்கா கண்டெடுத்தாள். ஒன்றுகூடப் பிரிக்கப்படவில்லை. துடிப்பு ஏறியது அவர் தேறியதால் அல்ல, மாத்திரையை நிறுத்தியதால். அன்றைக்கே நாட்குறிப்பை நான்கு பக்கம் பின்னால், மருத்துவர் சொன்னதை எழுதியிருந்த இடத்துக்குத் திருப்பியிருந்தால் எனக்கே தெரிந்திருக்கும்.

அக்கா மகளுக்கும் அதே தடிப்பு இருப்பதைப் பரிசோதனையில் கண்டார்கள். சிறுசேரியில் வேலை செய்கிறாள். அதே வகை மாத்திரைதான். ஞாயிறு காலையில் அவளே கையை நீட்டுகிறாள். நான் உடனே பிடிப்பதில்லை. "இந்த வாரம் உடம்பு எப்பிடிம்மா இருந்துச்சு?" என்று கேட்கிறேன். "செம தூக்கம் மாமா. மீட்டிங்ல கொட்டாவி வுட்டு மாட்டிக்கினேன். எழுது, எழுது, விட்டுடாத." அவள் சொன்னபடியே எழுதி முடிக்கிறேன். அதன் பிறகுதான் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு, சிவப்பு முள் பன்னிரண்டுக்கு வரக் காத்திருக்கிறேன்.