ஒன்பதாம் அறை வீடா, கிடங்கா?

புகையிலைக் கிடங்குகளுக்குப் பின்னால் வரிசையாக நிற்கும் பழைய அறைகளில் ஒன்பதாவது அவளுடையது. கல்யாணமாகி வந்த இருபத்தொரு வருடமாகப் பகலில் அங்கேதான் இலையை மஞ்சள், சிவப்பு, பழுப்பு என்று தரம் பிரிக்கிறாள். இரவில் அங்கேதான் அவளும் கணவனும் பாய் விரிக்கிறார்கள். கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலே இலையின் ரகம் சொல்லிவிடுவாள்.

அந்தப் பேட்டை முழுவதையும் பழங்காலக் கட்டடங்களாகப் பாதுகாக்க அரசாங்கம் முடிவெடுத்தது. ஆள் குடியிருக்கும் அறையை அவர்களுக்கே விட்டுவிடுவார்கள். கிடங்கு என்றால் காலி செய்து கண்காட்சி வைப்பார்கள். கணக்கெடுக்க வெள்ளிக்கிழமை அதிகாரி வருகிறார் என்றார்கள்.

"சுத்தமா வை. மானம் போயிடக் கூடாது" என்று சொல்லிவிட்டுக் கணவன் வேலைக்குப் போனான்.

அவள் அறைக்கு வரும் ஒரே பெரிய மனிதர், கம்பெனியிலிருந்து இலை பார்க்க வருபவர். அவருக்குச் செய்வதையே அதிகாரிக்கும் விழுந்து விழுந்து செய்தாள். பாயையும் துணிமணியையும் சாக்கில் சுற்றிப் பரணில் ஏற்றினாள். காய்ந்த காற்று பட்டால் இலை நொறுங்குமே என்று ஜன்னலைச் சாத்தினாள், வாசலில் ஈரச் சாக்கு தொங்கவிட்டாள், தரையில் தண்ணீர் தெளித்தாள். இலைக்கட்டுகளைச் சுவரோரம் நூல் பிடித்தாற்போல் அடுக்கினாள். அடுப்பு எப்போதும் வெளியே மாடிப்படிக்குக் கீழேதான். இலை இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது.

அதிகாரி உள்ளே வந்ததும் மூன்று தும்மல் போட்டார்.

"சமையல் எங்கம்மா?"

"வெளியில சார்."

"தூங்கறது?"

"இங்கதான். பாய் மேல இருக்கு."

அண்ணாந்து பார்த்தார். இருட்டில் சாக்குதான் தெரிந்தது. 'கிடங்கு' என்று எழுதிக்கொண்டார்.

பக்கத்து அறை நாத்தனாருடையது. அவள் ஒரு துரும்பைக்கூட நகர்த்தவில்லை. கழுவாத தட்டு, கொடி நிறைய ஈரத்துணி, நடுவில் குறட்டை விடும் புருஷன். அதிகாரி வாசலில் நின்றபடியே 'வீடு' என்று எழுதினார்.

இவள் பின்னாலேயே ஓடினாள். "சார், நான் பெருக்கி வெச்சிருக்கேன். அவ பெருக்கவே இல்ல."

"அதனாலதாம்மா அது வீடு" என்றார் அவர். அவள் விழித்ததைப் பார்த்து, "திங்கக்கிழமை ஒரு தடவை வர்றேன். குடியிருக்கிற மாதிரி ஏதாவது காட்டுங்க" என்றார்.

நாத்தனார் சிரித்தாள். "அண்ணி, ஒண்ணும் செய்யாம சும்மா இருங்க. அதுதான் வீடு."

"சும்மா எப்படி இருக்கறது?"

"அதுக்கும் பயிற்சி வேணுமா உங்களுக்கு?"

திங்கட்கிழமை இலைக்கட்டுகளை நாத்தனார் அறைக்கு மாற்றினாள். கணவனின் சட்டையை ஆணியில் மாட்டினாள். நாடகம்போல் தெரிகிறதோ என்று கழற்றினாள். மறுபடி மாட்டினாள். பிறகு பாயை விரித்து அதன்மேல் நிமிர்ந்து உட்கார்ந்தாள். மதியச் சாப்பாட்டுக்கு வந்த கணவன் பயந்துபோனான்.

"உடம்பு சரியில்லையா?"

"இல்ல. குடியிருக்கேன்."

"எழுந்து சோத்தைப் போடு. பசியில உயிர் போகுது."

"அவர் வர்ற நேரம். ஏதாவது கலைஞ்சிடும்."

"கலைய என்ன இருக்கு இங்க?"

அவள் எழுந்து கரண்டியை எடுத்தாள். பேச்சு வளர்ந்தது. அவன் அம்மா வரைக்கும் போனது. வாசலில் அதிகாரி நின்றதை இருவருமே கவனிக்கவில்லை. அவர் பழைய சொல்லை அடித்துவிட்டு 'வீடு' என்று வாய்விட்டுச் சொல்லி எழுதிவிட்டு நடந்தார்.

"சார், எதைப் பார்த்து எழுதினீங்க?" என்று கூப்பிட்டாள். அவர் பதினோராம் அறைக்குப் போய்விட்டிருந்தார்.

பாயா, சட்டையா, சண்டையா? இனி எதை எடுத்து வைக்கலாம், எதை எடுக்கக் கூடாது என்று தெரியாமல் கரண்டியோடு அறை நடுவே நின்றாள்.