ஐம்பத்திரண்டு கிலோ

பார்சல் ஆபீசில் அவளை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'ஐம்பத்திரண்டு' என்றுதான் கூப்பிடுவார்கள். அது வயது இல்லை, எடை. வயது அதைவிட எட்டுக் குறைவு. இதைச் சொல்லாமல் விட்டால் அவள் என்னோடு சண்டைக்கு வருவாள்.

அந்தப் பட்டப்பெயர் வந்த கதை இது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் இருக்கிற இந்தக் கட்டிடத்துக்கு ஆபீஸ் மாறியபோது, எடை மெஷினைச் சோதித்துப் பார்க்கிற இரும்பு எடைக்கற்கள் எங்கேயோ போய்த் தொலைந்தன. "இந்த வாரமே வாங்கிடலாம்" என்று மேனேஜர் சொன்னார். சொல்லி ஒன்பது வருஷம் ஆகிறது. அதற்குள் புக்கிங் மேசையில் உட்கார்ந்திருந்த இவள் ஒருநாள் விளையாட்டாக மெஷின் மேல் ஏறி நின்றாள். 52 காட்டியது. மறுநாளும் 52. ஒரு மாதம் ஏறிப் பார்த்தார்கள், நூறு கிராம் இப்படி அப்படி, அவ்வளவுதான். மேனேஜர் எடைக்கல் பேச்சையே அதோடு விட்டுவிட்டார். தினமும் காலை ஏழரைக்கு ஷட்டரைத் தூக்கியதும் இவள் செருப்பைக் கழற்றிவிட்டு மெஷின் மேல் ஏற வேண்டும். சிவப்பு எழுத்தில் 52 வந்தால் மெஷின் சரி, பார்சல் வாங்க ஆரம்பிக்கலாம். "நம்ம எடைக்கல்லுக்கு மட்டும்தான்யா மாசாமாசம் சம்பளம் குடுக்க வேண்டியிருக்கு" என்று மேனேஜர் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். இப்படிப்பட்ட சோம்பேறியை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

இப்படி ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்த எடை, போன வருஷத்திலிருந்து, வருஷக் கடைசி லீவு வந்தால் மட்டும் ஆட்டம் காண ஆரம்பித்தது.

லீவு என்பது மற்றவர்களுக்கு. அவளுக்கு அந்தப் பதினைந்து நாளும் இரண்டு மடங்கு வேலை. ஊரில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் வேறெங்கேயோ இருக்கிற ஒருவருக்கு ஏதாவது அனுப்பியே தீர வேண்டும். அட்டைப்பெட்டிகள் வாசல் வரைக்கும் அடுக்கிக் கிடக்கும். வீட்டுக்குப் போனால் அங்கே லீவுக்கு வந்திறங்கிய புருஷனின் தம்பி தங்கைகள், அவர்கள் பிள்ளைகள் என்று பதினொரு பேர், இருப்பதோ இரண்டே அறை. எல்லோரும் நல்லவர்கள்தான், குற்றம் சொல்ல முடியாது. ஆனால் பதினொரு நல்லவர்களுக்குக் காலையும் மாலையும் சோறு வடித்துப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும்.

எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்கார்ந்தால் இவளுக்குத் தொண்டையில் ஒன்றும் இறங்காது. ஒரு கவளம் எடுத்து வாயில் வைப்பாள். அது வாயிலேயே சுற்றிச்சுற்றி வரும். தண்ணீரைக் குடித்து உள்ளே தள்ளுவாள். இரண்டாவது கவளத்துக்கு வயிறு வேண்டாம் என்று சொல்லிவிடும். யாரும் பார்க்காதபோது தட்டைக் கழுவிக் கவிழ்த்துவிடுவாள்.

வெறும் களைப்பு என்றால் அவள் கவலைப்பட்டிருக்க மாட்டாள். அவளுக்கு இருந்தது பயம். அவளுடைய அக்காவுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. நாலு வயது மூத்தவள், இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தவள். போன வருஷத்துக்கு முந்தைய வருஷம், இதே லீவில், அக்கா இளைத்துக்கொண்டே போனாள். "சிக்குனு ஆயிட்டியே, என்ன ரகசியம்?" என்று விருந்தாளிகள் கேட்டார்கள். அக்காவும் சிரித்தாள். விருந்தாளிகள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பிய மறுவாரம் அவளால் படுக்கையை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. வயிற்றில் கட்டி என்றார்கள். முற்றிவிட்டது என்றார்கள். அடுத்த லீவு வருவதற்குள் அக்கா இல்லை.

அதற்குப் பிறகு வந்த முதல் லீவில், அதாவது போன வருஷம், இவளுக்கு ஒரு கிலோ குறைந்தது. மெஷின் 51 காட்டிவிடுமோ என்று குடோன் பூட்டையும் சாவிக்கொத்தையும் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டு ஏறினாள். 52 வந்தது. யாரை ஏமாற்றினாள் என்று கேட்காதீர்கள், அவளுக்கே தெரியாது. லீவு முடிந்ததும் அந்த ஒரு கிலோ தானாகத் திரும்பி வந்துவிட்டது.

இந்த வருஷம் பூட்டும் சாவியும் போதவில்லை, இன்னும் இரண்டு பூட்டுகளையும் சேர்த்துப் போட்டுக்கொண்டு ஏற வேண்டியிருந்தது. லீவு ஆரம்பித்த ஐந்தாம் நாளே மோதிரம் விரலில் சுழன்றது. உள்பக்கம் நூலைச் சுற்றிப் போட்டுக்கொண்டாள். பாவாடை இடுப்பில் ஊக்கு ஏறியது, பிறகு இரண்டாவது ஊக்கு. குளிக்கும்போது விலா எலும்பைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பாள். வயிற்றை அழுத்திப் பார்ப்பாள். அழுத்திய இடமெல்லாம் கட்டி மாதிரியே தோன்றும். பயத்தில் சோறு இறங்கவில்லை. சோறு இறங்காததால் இளைத்தாள். இளைக்க இளைக்கப் பயம் ஏறியது. புருஷனிடம் சொல்லலாமா என்று நினைப்பாள். சொன்னால் அவர் டாக்டரிடம் கூட்டிப் போவார், டாக்டர் ஏதாவது சொல்லிவிடுவார். வாயைத் திறக்காமல் இருந்துவிட்டால் எதுவும் இல்லாத மாதிரி இருக்கும் அல்லவா.

ஏழாம் நாள் காலையில் அவள் பூட்டு எதுவும் இல்லாமல் மெஷின் மேல் ஏறினாள். பூட்டு அன்றைக்குக் கைக்கு அகப்படவில்லை.

48.5.

பக்கத்தில் நின்றவன் 'கிரேன்'. லோடு ஏற்றுகிறவன், நாற்பது வயதுக்காரன். அறுபது கிலோ மூட்டையை ஒரே மூச்சில் தோளில் போடுவதால் அந்தப் பெயர். அவன் எண்ணைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், மெஷினை ஒரு உதை விட்டான்.

"அக்கா, மெஷின் தப்பு" என்றான். "லீவு நேரம் பாத்து இதுக்கும் வேலை செய்ய மனசில்ல போல. நீங்க அசையாம நில்லுங்க, ஒரு நிமிஷம்."

மெஷின் தலைக்குப் பின்னால் ஒரு சின்ன மூடி உண்டு. அதைத் திறந்து, உள்ளே இருக்கிற பொத்தானை அழுத்திக்கொண்டு, மேலே இருப்பது இத்தனை கிலோ என்று சொல்லிக் கொடுத்தால் மெஷின் கேட்டுக்கொள்ளும். கிரேன் 52 என்று சொல்லிக் கொடுத்தான். சிவப்பு எழுத்து ஒரு தடவை கண்ணை மூடித் திறந்தது. 52.0.

அவள் மூச்சுக்கூட விடாமல் நின்றாள். நான்தான் குறைந்திருக்கிறேன் என்று சொல்ல வேண்டும். நாக்கு எழவில்லை. சொல்லப் போனால், அந்த எண்ணைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஒரு ஆறுதல் வந்தது. ஒருவேளை நிஜமாகவே மெஷின்தான் தப்போ? நாம் சும்மா பயந்துகொண்டிருக்கிறோமோ? அன்று மத்தியானம் டிபன் டப்பாவில் கொண்டுவந்த சோற்றைப் பாதிவரை சாப்பிட்டுவிட்டாள். மறுநாள் காலையிலும் ஏறினாள். 51.8. "பாத்தீங்களா!" என்றான் கிரேன். அன்று சாயங்காலம் மூன்றாவது ஊக்கும் மாட்ட வேண்டியிருந்தது. மெஷினிடம் சொல்லிக் கொடுத்த மாதிரி ஊக்கிடம் சொல்லிக் கொடுக்க முடியவில்லை.

அதற்கு மறுநாள் ஆணிக்கடைக்காரர் வந்தார். கம்பெனியில் தைத்து முத்திரை போட்ட ஆணி மூட்டைகள், ஒவ்வொன்றின் மேலும் 25 கிலோ என்று கொட்டை எழுத்தில் அச்சடித்திருக்கும். கிரேன் முதல் மூட்டையைத் தூக்கி மெஷினில் வைத்தான். 26.8. அடுத்த மூட்டையும் 26.8. அதற்கடுத்ததும் அப்படியே.

"என்னய்யா இது? வர்ற வழியில என் ஆணியெல்லாம் குட்டி போட்டுடுச்சா?" என்று ஆணிக்கடைக்காரர் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார். "லீவு நேரத்துல ஊரையே கொள்ளையடிக்கிறீங்களா? எடை ஆபீசருக்கு ஒரு போன் போட்டா என்ன ஆகும் தெரியுமா?"

வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள். உள்ளேயிருந்து மேனேஜர் ஓடிவந்தார். மெஷினைப் பார்த்தார். மூடியின் திருகாணி பாதி கழன்று தொங்கியது.

"இதுல யார் கை வச்சது?"

"நான்தான் சார்" என்றான் கிரேன். "மெஷின் தப்பா காட்டிச்சு. சரி பண்ணினேன்."

"நீ என்ன இன்ஜினியரா? பொட்டி தூக்கறவன் பொட்டி தூக்கணும். நாளையிலேர்ந்து நீ வர வேண்டாம், போ."

கிரேனுக்கு முகம் சுருங்கிவிட்டது. மூட்டையைத் தூக்கிய கை அப்படியே தொங்கியது. அவன் சண்டை போடவில்லை. புக்கிங் மேசைப் பக்கம் திரும்பினான்.

"சார், நான் இஷ்டத்துக்கு வைக்கல. அக்காவ நிக்க வச்சுத்தான் வச்சேன். அக்கா ஐம்பத்திரண்டு. ஒம்போது வருஷமா ஐம்பத்திரண்டு. நீங்களே கேளுங்க. அக்கா, சொல்லுங்கக்கா. மெஷின்தான தப்பு?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். பேனாவைப் பிடித்த விரலில் மோதிரம் நழுவிக் கணு வரைக்கும் வந்திருந்தது.

அக்கா, மெஷின் தப்பு. இதே இடம். இதே வார்த்தை. அந்தக் கடைசி லீவில் அவளுடைய சொந்த அக்கா ஒருநாள் மத்தியானம் இங்கே வந்தாள், இவளுக்குப் பழம் கொடுத்துவிட்டுப் போக. வந்தவள் இந்த மெஷின் மேல் ஏறி நின்றாள். 43 காட்டியது. அக்கா முகம் வெளுத்துப்போய், "ஏண்டி, இவ்வளவா குறைஞ்சிருப்பேன்?" என்று கேட்டாள். வாசலில் நாற்பது பேர் வரிசையில் நிற்கிறார்கள், இவளுக்குத் தலைக்கு மேல் வேலை. பேனாவிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "அக்கா, மெஷின் தப்பு. நீ போய் நல்லா சாப்பிடு." அக்கா நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே இறங்கிப் போனாள்.

அவள் எழுந்து நின்றாள்.

"மெஷின் தப்பில்ல சார். நான்தான் குறைஞ்சிட்டேன்."

"என்னம்மா சொல்ற?"

"அவன் மேல தப்பில்ல. நாலு கிலோ குறைஞ்சிட்டேன். தெரிஞ்சும் வாயத் திறக்கல."

ஆணிக்கடைக்காரர் கத்துவதை நிறுத்தினார். கிரேன் அவருடைய இரண்டு மூட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, மூடியைத் திறந்து, மெஷினுக்கு ஐம்பது என்று சொல்லிக் கொடுத்தான். மூட்டைகளை இறக்கினான். பிறகு நகர்ந்து வழிவிட்டான். யாரும் அவளை ஏறச் சொல்லவில்லை. அவளாகத்தான் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள்.

48.1.

ஆணிக்கடைக்காரர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "வீட்டுக்காரருக்கு ஒரு போன் போடுங்கப்பா" என்றார். அந்த வருஷம் முழுக்க அவர் மெதுவாகப் பேசியது அந்த ஒரு தடவைதான். மேனேஜர் கிரேனின் தோளில் தட்டினார். "நாளைக்கு வந்துடு" என்று சொல்ல மட்டும் அவருக்குத் தெரிந்தது.

அவள் புருஷன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். லீவில் வேன் சும்மா நின்றது. அதை எடுத்துக்கொண்டே வந்துவிட்டார். நாற்பது பிள்ளைகள் உட்காருகிற வேனில் அவள் மட்டும் உட்கார்ந்து டாக்டரிடம் போனாள். சிக்னலில் நின்றபோது அவர் அவள் கையை எடுத்து, மோதிரத்தில் சுற்றியிருந்த நூலை விரலால் தடவிப் பார்த்தார்.

ரத்தம் எடுத்தார்கள். வயிற்றில் ஜில்லென்று எதையோ தடவி ஸ்கேன் எடுத்தார்கள். முடிவு இரண்டு நாள் கழித்து என்றார்கள். அந்த இரண்டு நாளைப் பற்றி என்ன சொல்ல? வீட்டில் பதினொரு பேரும் மெதுவாகப் பேசினார்கள், மெதுவாக நடந்தார்கள். ஓரகத்தி சமையலைப் பார்த்துக்கொண்டாள். இவளுக்கோ தன் அக்காவின் முகம் கண்ணாடியில் தெரிந்தது. அதே கன்னம், அதே குழி. கண்ணாடியைத் துண்டு போட்டு மூடினாள். பெற்ற பிள்ளைகளைப் பார்த்தால் அழுகை வந்தது, அதனால் பார்க்காமலே இருந்தாள்.

மூன்றாம் நாள் காலையில் டாக்டர் காகிதங்களைப் புரட்டினார். கடைசிப் பக்கம் வரைக்கும் போனார். திரும்ப முதலிலிருந்து வந்தார். அவள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"கட்டி எதுவும் இல்லம்மா. ரத்தத்துல கொஞ்சம் சத்துக் குறைவு, அவ்வளவுதான். நீங்க சாப்பிடல, அதான் இளைச்சிருக்கீங்க. ஏன் சாப்பிடல?"

"பயமா இருந்துச்சு டாக்டர்."

"எதுக்குப் பயம்?"

"இளைச்சிட்டேனேன்னு."

டாக்டர் சத்து மாத்திரை எழுதினார். "அடுத்த லீவுக்கு முன்னாடியே வந்து என்னப் பாத்துடுங்க" என்றார்.

வீட்டுக்கு வந்தபோது யாரும் இல்லை. கொழுந்தனார் எல்லோரையும் பூங்காவுக்கு ஓட்டிக்கொண்டு போயிருந்தார். நல்ல மத்தியான வெயில். புருஷனே தட்டை எடுத்து, சோற்றைப் போட்டு, பக்கத்தில் ஒரு முட்டையை உரித்து வைத்தார். "ஒண்ணுமில்லன்னு ஆயிடுச்சுல்ல, இனிமே என்ன? சாப்பிடு" என்று அவள் எதிரில் உட்கார்ந்தார்.

ஒரு கவளம் இறங்கியது. இரண்டாவதும் இறங்கியது. மூன்றாவதைக் கையில் உருட்டிக்கொண்டே அவள் நிறுத்தினாள்.

"என்னங்க, அந்த லீவுல அக்கா எங்க ஆபீசுக்கு வந்தா. மெஷின்ல ஏறி நின்னா. நாப்பத்திமூணு காட்டிச்சு. மெஷின் தப்புன்னு சொல்லி அனுப்பிட்டேன்."

அவர் முட்டையை அவள் பக்கம் நகர்த்தினார். "உனக்கு எப்படித் தெரியும்? நிஜமாவே அன்னிக்கு மெஷின் தப்பா இருந்திருக்கும்" என்றார்.

அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினாள்.

"இல்லங்க. அன்னிக்குக் காலையில நான் ஏறினப்போ ஐம்பத்திரண்டு சரியா காட்டிச்சு."