அமியான் சந்தையில் ஒரு சுவீடன் விளக்கு

சென்ற ஒக்டோபரில் ஒரு ஞாயிறு, பாரிஸிலிருந்து அமியான் நகரத்துப் பழம்பொருள் சந்தைக்குப் போய் வந்தேன். காரணம் சுவீடன் நாட்டுக் கண்ணாடி. ஐம்பதுகளிலும் அறுபதுகளிலும் அங்கே வாயால் ஊதிச் செய்த தடித்த சாடிகள், கருப்பு இரும்பில் அடித்த மெழுகுதிரித் தாங்கிகள் என்றால் எனக்குப் பைத்தியம். வேலை செய்யும் ஹோட்டலில் குப்பைக்குப் போக இருந்த ஒரு பச்சைச் சாடியை வீட்டுக்குக் கொண்டுவந்ததில் தொடங்கியது. பாரிஸில் நம்மவர் கடைகள் நிறைந்த லாச்சப்பலில் சொன்னால் பழைய இரும்புக் கடை போடப்போகிறேனா என்று கேட்பார்கள். அதனால் சொல்வதில்லை.

சொல்லாத இன்னொன்றும் உண்டு. மனைவியும் இரண்டு பிள்ளைகளும் என்னை விட்டு லண்டனுக்குப் போய் இரண்டு வருடமாகிறது. பாரிஸுக்கு வெளியே சார்செலில் இருக்கும் வீட்டில் நான் மட்டும். லாச்சப்பலுக்குச் சாமான் வாங்கப் போனால் “வீட்டிலை எல்லாரும் சுகமோ?” என்று கேட்பார்கள். “ஓம், சுகம்” என்று சொல்லிச் சொல்லியே நாளை ஓட்டிவிட்டேன். உண்மை தெரிந்தால் எல்லாரும் என்னைப் பாவம் பார்ப்பார்கள் என்ற பயம்தான்.

பாரிஸின் கார் து நோர் நிலையத்தில் காலை 7.04க்கு ரயில். ஏறக்குறைய 130 கிலோமீற்றர், ஒன்றேகால் மணி நேரம், ஒரு வழிக்கு 24 யூரோ. நிலையத்திலிருந்து சந்தைத் தெருக்களுக்குப் பதினைந்து நிமிட நடை. விடியும் முன்பே கடை விரித்துவிடுகிறார்கள், நல்ல சாமான் எட்டு மணிக்குள் போய்விடும். எட்டரைக்குப் போய்ச் சேர்ந்த எனக்கு முதல் இரண்டு மணி நேரம் ஒன்றும் அகப்படவில்லை. சுவீடன் என்று ஒட்டுத்தாள் ஒட்டிய ஒரு சாடியைக் கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் ஒரு கீறல்கூட இல்லை. அறுபது வருடம் மேசையில் இருந்த சாமான் அப்படி இருக்காது, ஏமாறாதீர்கள்.

10.40 அளவில், ஒரு பக்கத் தெருவில், எழுபது வயது தாண்டிய ஒரு பிரெஞ்சுக்காரரின் மேசையில் அது நின்றது. இரும்புத் தண்டு, ஆறு கைகள், ஒவ்வொரு கையிலும் மெழுகுதிரி வைக்க ஒரு தேன்நிறக் கண்ணாடிக் கிண்ணம், கண்ணாடிக்குள் காற்றுக் குமிழிகள். எனக்கு முன்னால் நின்ற வியாபாரி 160 யூரோ தருவதாகச் சொன்னார். ஆனால் கிண்ணங்களை மட்டும் கழற்றி விற்பாராம், இரும்பு அவருக்குத் தேவையில்லையாம். பெரியவர் தலையை ஆட்டி அனுப்பிவிட்டார். காலமான தன் மனைவி சுவீடனிலிருந்து கொண்டுவந்த விளக்கு என்று என்னிடம் சொன்னார். பிறகு கேட்டார்.

“உங்கள் வீட்டில் எத்தனை பேர்? இது ஆட்கள் சாப்பிடும் மேசையில் எரிய வேண்டியது.”

“நாலு பேர்” என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் பழகிவிட்டது. பிள்ளைகளின் வயது கேட்டார். பதினாறு, பன்னிரண்டு என்றேன், அது மட்டும் உண்மை. 120 யூரோவுக்குத் தந்தார். இன்றைக்கே ஏற்றுங்கள் என்று இரண்டு கையாலும் என் கையைப் பிடித்தபோது அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பாரிஸுக்குத் திரும்பி வந்து, பசியில் லாச்சப்பலுக்கு நடந்தேன். ஏழு கிலோ இரும்பு, கை கழன்றுவிடும் போலிருந்தது. இருபது வருடமாகப் பழக்கமான, மன்னார்க்காரரான அந்தோனி அண்ணை தன் கடை வாசலில் நின்றார்.

“என்னடாப்பா, நங்கூரத்தைத் தூக்கிக்கொண்டு வாறாய்?”

“லைட் அண்ணை. சாப்பாட்டு மேசைக்கு.”

“உதோடை ட்றெயின் ஏறப்போறியோ? கடை வான் நிக்குது, ஏத்திக்கொண்டுபோறன், வா. பிள்ளையளைப் பாத்தும் கனகாலம்.”

“வேண்டாம் அண்ணை, மனுசிக்குச் சுகமில்லை.”

“அப்ப வெறுங்கையோடை வரேலாது” என்று உள்ளே போய் ஒரு பை தோடம்பழம் எடுத்து வந்தார். பொய் சொல்லத் தெரியாதவன் இரண்டாவது பொய் சொல்லக்கூடாது.

சார்செலுக்கு அவருடைய சாமான் வானில் அரை மணி நேரம். அதற்குள் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கதவைத் திறந்ததும் அவரே பார்த்தார். மேசையைச் சுற்றி நாலு கதிரைகள். மூன்றில் கண்ணாடிச் சாடிகள் இருந்தன. நான் வைத்தவைதான், வேறு இடம் இல்லை.

“எப்ப போனவை?”

“ரெண்டு வருசம் அண்ணை.”

“நான் கிழமைக்குக் கிழமை கேட்டனானேயடா.”

“ஓம்.”

பழப் பையை மேசையில் வைத்தார். ஒரு கதிரையிலிருந்த சிவப்புச் சாடியை இரண்டு கையாலும் தூக்கிச் சுவரோரமாக நிலத்தில் வைத்துவிட்டு உட்கார்ந்தார். “நெருப்புப்பெட்டியை எடு” என்றார். வீட்டிலிருந்த மெழுகுதிரிகளை வைத்து ஆறையும் ஏற்றினோம். பட்டப்பகலில் விளக்கெரித்துக்கொண்டு இரண்டு பேர் தோடம்பழம் உரித்துத் தின்றோம். ஐந்தரைக்கு அவர் போனார். அதன்பின் வீடு முன்பைவிட வெறுமையாகிவிட்டது. அழுதேன், மறைக்க என்ன இருக்கிறது.

போகிறவர்களுக்கு: காசாகக் கொண்டுபோங்கள், சாமானைச் சுற்றப் பழைய துவாய்கள் நாலைந்து எடுங்கள், கண்ணாடியை இரும்போடு சேர்த்துச் சுற்றாதீர்கள். ஞாயிறு ரயில் நேரம் மாறும், முதல்நாளே பாருங்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பெரியவர் எனக்கு விற்றிருப்பாரா என்று தெரியவில்லை.

இந்த வலைப்பதிவிலும் ஒரு திருத்தம் இருக்கிறது. குடும்பத்தோடு போனதாக எழுதிய கடைசி ஐந்து பயணங்களும் நான் தனியே போனவை. ரயில், சாப்பாட்டுச் செலவுகளை நான்கால் பெருக்கிப் போட்டிருந்தேன். நான்கால் வகுத்துக்கொள்ளுங்கள்.