பொத்தானின் கோடு

இதை ஆதாரத்தோடுதான் எழுதுகிறேன். என் மேசை இழுப்பறையில் இரண்டு தாள்கள் இருக்கின்றன. யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம். காதில் பூ சுற்றுகிறான் என்று நினைப்பவர்களுக்காகவே நேரத்தையும் டிகிரியையும் விடாமல் குறித்திருக்கிறேன்.

நாய்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோய்ச் சேர்ப்பது என் வேலை. நாட்டின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு வீடு மாறுகிறவர்களின் நாய்கள். விமானத்தில் ஏற்ற முடியாத வயசாளி நாய்கள், மூச்சு வாங்கும் சப்பை மூக்கு நாய்கள் எல்லாம் எங்கள் வண்டியில்தான் போகும். இரண்டு நாள் பயணம். குளிர்காலத்தில் சாலையின் இரு பக்கமும் பனிச்சுவர்.

வண்டியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். அது புரிந்தால்தான் நடந்தது புரியும். முன்னால் இரண்டு இருக்கைகள். பின்னால் கூண்டுகள் இருக்கும் அறை. நடுவே தகரத் தடுப்பு, அதில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. ஹீட்டர் ஒன்றே ஒன்றுதான். அதன் சூடான காற்று ஒரே குழாயில் வந்து இரண்டாகப் பிரியும். பிரிகிற இடத்தில் ஒரு தகட்டுக் கதவு. அதைத் திருப்ப ஓட்டுகிறவரின் முழங்காலருகே ஒரு கைப்பிடி. கீழே இழுத்தால் காற்று இரண்டு பக்கமும் போகும். மேலே தள்ளினால் முன்னால் மட்டும்.

பின்னறையில் கூண்டின் உயரத்தில் ஒரு கிளிப். அதில் சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு சென்சார். அங்குள்ள சூட்டை அது அளந்து, மெல்லிய வயர் வழியாக முன்னாலுள்ள பதிவுப் பெட்டிக்குச் சொல்லும். பெட்டியின் சிறு திரையில் எண் தெரியும். பத்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி. பயணம் முடிந்ததும் புள்ளிகளைக் கோடாக இணைத்து அலுவலகத்தில் அச்செடுப்பார்கள். கோடு பதினெட்டு டிகிரியில் ஓட வேண்டும். பெட்டிக்குச் சீல் வைத்திருப்பதால் யாரும் கைவைக்க முடியாது.

"மெஷின் பொய் சொல்லாது." இது நான் ஓயாமல் சொல்லும் வாக்கியம்.

என்னோடு வேலை செய்தவர் என் மச்சான். அக்கா புருஷன். ஆள் கலகலப்பானவர், வேலையில் மட்டும் கொஞ்சம் கள்ளம். மூன்று வாரங்களுக்கு முன்பு அவர் தனியாக ஒரு நாயைக் கொண்டுபோனார். பகல் பன்னிரண்டு மணிக்குக் கிளம்பினார். இரவு பதினொன்றுக்கு வழியிலிருக்கும் எங்கள் தங்குமிடத்தில் கூண்டைத் திறந்தார்கள். நாய் செத்துக் கிடந்தது. வலிப்பு வந்துவிட்டது என்றார் மச்சான். பதிவுத் தாளில் கோடு பதினெட்டிலேயே ஓடியிருந்தது.

விசாரணைக்காக வண்டியைக் கொட்டகையில் நிறுத்தினார்கள். சோதித்தவன் நான். சென்சார் கிளிப்பில் தொங்குவதைப் பார்த்தேன். பார்த்தேன், அவ்வளவுதான், தொடவில்லை. நாய் இருந்த இரண்டாம் கூண்டின் கதவில் மூன்று மூன்றாக நகக்கீறல்கள் இருந்தன. வலிப்பில் பிறாண்டியிருக்கும் என்று எனக்கு நானே விளக்கிக்கொண்டேன். 'வண்டியில் குறை இல்லை. நாய் முன்பே நோயுற்றிருக்கலாம்.' மச்சானின் கையெழுத்துக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன்.

நாய்க்குச் சொந்தக்காரர் ஒரு தையல்காரம்மா. தனியாள். நாயின் பெயர் பொத்தான். சிறியது, பழுப்பு நிறம். அலுவலகத்துக்கு வந்தார். பொத்தானின் கழுத்துப்பட்டையில் ஒரு சிறு கருவி இருந்ததாம். சுற்றிலும் உள்ள சூட்டைப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் போனுக்கு அனுப்புமாம். அதை அச்செடுத்து வந்திருந்தார்.

நான் அந்தத் தாளைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. ஆனால் அரை மணி நேரம் விளக்கினேன். அந்த மாதிரி கருவிகள் விளையாட்டுச் சாமான், குளிரில் பாட்டரி இறங்கினால் தப்பாகக் காட்டும் என்று படம் போட்டே காட்டினேன். குறுக்கே பேசாமல் கேட்டார்.

"அவன் சட்டை எங்க தம்பி? சிவப்புக் கம்பளி. அஞ்சு பொத்தான் வச்சது. என் கையால தச்சது."

"அது காணோம்மா" என்றார் மச்சான்.

தையல்காரம்மா என்னைத்தான் பார்த்தார்.

"நான் பொய் சொல்றேன், உங்க மெஷின் பொய் சொல்லாது. அப்படித்தானே? சரி. அதுவே சொல்லட்டும்."

அடுத்த வாரம் வண்டியை வெளியே எடுத்தோம். மச்சானுக்கு அன்று லீவு. இருந்தும் வந்து ஏறினார். நான் ஓட்டினேன், அவர் பக்கத்து இருக்கையில். முதல் கூண்டில் சிங்கம் என்றொரு தடி நாய். பெயர்தான் சிங்கம், பூனையைக் கண்டால் மல்லாந்துவிடும். இரண்டாம் கூண்டு காலி.

பகல் 12.00. கிளம்பினோம். திரையில் பதினெட்டு.

"என்ன மச்சான், லீவு நாள்ல அதிசயமா வேலைக்கு வர்றீங்க?"

"வீட்ல இருந்தா உங்கக்கா பரணை ஒழிக்கச் சொல்லுவா மாப்ளே. அதுக்கு இந்த நாய் குறட்டையே தேவலாம்."

சிரித்தோம். உண்மையில் சிங்கத்தின் குறட்டை எஞ்சினை மிஞ்சியது.

3.50. டீசல் போட ஒரு பங்க்கில் நின்றோம். குறட்டை நின்றது.

தடுப்புக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். சிங்கம் எழுந்து நின்றது. என்னைப் பார்க்கவில்லை. மச்சானின் இருக்கைக்குக் கீழே, தரைப் பக்கமாகப் பார்த்தது. வால் ஆடிக்கொண்டிருந்தது. தெரிந்த நாயைக் கண்டால் ஆட்டுவதுபோல.

திரையில் பதினேழு.

4.10. பதினான்கு.

"கால் சில்லுங்குது மாப்ளே" என்றார் மச்சான்.

என் கால்மாட்டில் காற்று சுடச்சுட வந்தது. அவர் பக்கத் துவாரத்தில் கை வைத்துப் பார்த்தேன். அதுவும் சூடு. கைப்பிடி கீழேதான் இருந்தது. எல்லாம் சரி. எண் மட்டும் இறங்கிக்கொண்டே இருந்தது.

4.30. இருட்டிவிட்டது. நள்ளிரவு என்று நினைத்துவிடாதீர்கள். குளிர்காலத்தில் அங்கே பகல் அவ்வளவுதான்.

4.50. நான்கு டிகிரி.

பின்னால் நாய் விறைக்கிறது என்று பதறி வண்டியை ஓரம் கட்டினேன். ஓடிப்போய்ப் பின்கதவைத் திறந்தால், முகத்தில் வெந்நீர் ஆவி மாதிரி சூடு. சிங்கம் நாக்கைத் தொங்கப்போட்டு மூச்சிரைத்தது.

அப்படியானால் நாலு டிகிரி எங்கே இருக்கிறது?

சென்சாரைச் சோதிக்க ஒரு சுலபமான வழி உண்டு. உள்ளங்கையில் பொத்திப் பிடித்தால் உடம்புச் சூட்டில் எண் ஏற வேண்டும். பிடித்தேன்.

"மச்சான், ஏறுதா?"

இன்னும் இறுக்கிப் பொத்தினேன்.

"மச்சான்!"

"இல்ல மாப்ளே... இறங்குது. ரெண்டு."

கிளிப்பிலிருந்து உருவினேன். கையோடு வந்துவிட்டது. இரண்டு அங்குல வயர், அப்புறம் ஒன்றுமில்லை. வெட்டி எறிந்த பழைய சென்சார். சும்மா தொங்கவிட்டிருந்தது.

நிஜ சென்சாரின் வயரைத் தேடினேன். தடுப்புத் துளை வழியாக முன்னால் போயிருந்தது. தரை விரிப்பின் அடியில் ஓடி... மச்சானின் இருக்கைக்குக் கீழே போய் முடிந்தது.

5.05. அவர் பக்கக் கதவைத் திறந்தேன்.

"அதை விடு மாப்ளே. போலாம். நானே அப்புறம் எடுத்துடறேன்."

அப்போதுதான் அவர் ஏன் லீவில் வந்தார் என்று புரிந்தது.

"என்ன மச்சான் பண்ணீங்க?"

அவர் பற்கள் அடித்துக்கொண்டன. "அன்னைக்கு அது வாந்தி எடுத்துச்சு. நாத்தம் தாங்கல. கைப்பிடிய மேல தள்ளிட்டேன். எண்ணு இறங்கினா ஆபீஸ்ல கேப்பாங்கன்னு... சென்சாரை முன்னால இழுத்து, துணி சுத்தி வச்சுட்டேன்."

துணி சுற்றினால் எண் ஆடாது என்று ஒருநாள் டீ குடிக்கும்போது அவருக்கு விளக்கியதே நான்தான்.

"எங்க வச்சுக் கைப்பிடியத் தள்ளினீங்க?"

"அந்தப் பங்க்குலதான்."

"மணி?"

"நாலுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்."

கர்ர்... கர்ர்... கர்ர்...

இருக்கைக்குக் கீழே. தகரத்தில் நகம் இழுக்கிற சத்தம்.

மூன்று. ஒரு நிறுத்தம். மறுபடி மூன்று.

பின்னால் சிங்கம் ஊளையிட்டது.

"மாப்ளே, கால் வரல."

டார்ச் அடித்துக் குனிந்தேன். அவர் செருப்பு தரையோடு உறைந்திருந்தது. கணுக்கால் இரண்டையும் சேர்த்து ஒரு சிவப்புக் கம்பளி சுற்றியிருந்தது.

நாய்ச் சட்டை.

ஐந்து பொத்தான்களும் போட்டிருந்தன.

"நீங்க சென்சாருக்குச் சுத்தின துணி..."

"இதுதான்... அது மேலேருந்து கழட்டினது. நான் கால்ல கட்டல மாப்ளே. சத்தியமா நான் கட்டல..."

வலது கைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் பொத்தான்களைக் கழற்றினேன். உறைந்த இரும்பைத் தொட்டால் தோல் ஒட்டுமே, அப்படி ஒட்டியது. ஒன்று. இரண்டு...

ஐந்தாவதைக் கழற்றியதும் காலை இழுத்துவிட்டேன்.

திரையில் மைனஸ் இரண்டு.

"சொல்லிடறேன்!" மச்சான் கத்தினார். என்னிடம் இல்லை. தரையைப் பார்த்து. "அந்தம்மாகிட்ட எல்லாத்தையும் சொல்லிடறேன். விட்டுடு!"

கர்ர்... கர்ர்... கர்ர்...

மைனஸ் மூன்று.

5.40. ஓட்டிக்கொண்டே பதிவுப் பெட்டியின் பாட்டரி வயரைப் பிடுங்கி எறிந்தேன். திரை அணைந்தது.

சத்தம் அணையவில்லை.

6.25. ஆஸ்பத்திரி.

"எவ்ளோ நேரம் பனியில நின்னார்?" டாக்டர் கேட்டார்.

"நிக்கல டாக்டர். வண்டிக்குள்ளதான் இருந்தார். ஹீட்டர் ஓடிச்சு."

என் வாயை மோந்து பார்த்தார். குடித்திருக்கிறேன் என்று நினைத்திருப்பார்.

சூடான கம்பளிகள் போட்டார்கள். சூடாக்கிய சலைனை நரம்பில் ஏற்றினார்கள். மச்சானின் உடம்புச் சூடு ஏறவில்லை. இறங்கியது. மணிக்கு மணி இறங்கியது. போன் செய்ததும் அக்கா அதிவேக ரயில் பிடித்து ஒன்பது மணிக்கு வந்து சேர்ந்தாள். நான் சிங்கத்தோடு கிளம்ப வேண்டியிருந்தது. அதையாவது உயிரோடு சேர்க்க வேண்டும்.

இரவு பதினொன்று அடித்ததும், சுவிட்சைத் தட்டிவிட்டதுபோல மச்சானின் சூடு ஏறத் தொடங்கியதாம். உயிர் பிழைத்தார். கால்விரல் ஒன்றுகூட மிஞ்சவில்லை.

சிங்கத்தைச் சேர்த்துவிட்டுத் திரும்பியதும் பதிவுத் தாளை அச்செடுத்தேன். சிவப்புச் சட்டையையும் விசாரணை அறிக்கையையும் எடுத்துக்கொண்டு தையல்காரம்மாவின் கடைக்குப் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அழவில்லை, திட்டவில்லை. தையல் மெஷின் பலகைக்கு அடியிலிருந்து தன் தாளை எடுத்தார்.

அவருடையது பொத்தானின் கழுத்துப்பட்டை எழுதியது. மூன்று வாரங்களுக்கு முந்தையது. என்னுடையது நான்கு நாள் முன்பு மச்சானின் இருக்கைக்கு அடியிலிருந்த சென்சார் எழுதியது. ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

ஒரே கோடு.

3.50 வரை பதினெட்டு. அப்புறம் இறக்கம். ஒரு புள்ளிகூட விலகவில்லை. 5.40க்கு நான் பாட்டரியைப் பிடுங்கினேன் அல்லவா? என் தாளில் கோடு 5.40க்கு நிற்கவில்லை. மைனஸ் பதினொன்று வரை இறங்கி, இரவு 11.00க்கு முடிந்திருந்தது.

இரண்டிலும் ஓரிடத்தில் சின்ன மேடு. 9.40க்கு இரண்டு டிகிரி ஏறி, பத்து நிமிடத்தில் விழுந்திருந்தது.

"இது என்னம்மா?" பழக்கதோஷம், கேட்டுவிட்டேன்.

"குளிர் தாங்கலன்னா அவன் சுருண்டு, மூக்கை வயித்துக்குள்ள வச்சுக்குவான். மூச்சுக் காத்து பட்டையில படும்." கோடு விழுந்த இடத்தில் விரல் வைத்தார். "அதுக்கப்புறம் படல."

வெளியே வந்து அக்காவுக்குப் போன் செய்தேன். "அன்னைக்கு ராத்திரி ஒம்பது நாப்பதுக்கு மச்சான் எப்படிக்கா இருந்தார்?"

"அதை ஏன்டா கேக்கற? திடீர்னு சுருண்டு, முழங்காலுக்குள்ள மூஞ்சியப் புதைச்சுக்கிட்டார். நர்ஸ் வந்து நிமித்தப் பாத்தா முடியல. என்னங்க நாய் மாதிரின்னு நான்கூடத் திட்டினேன். பத்து நிமிஷத்துல மூச்சே நின்னு போச்சு. நெஞ்சை அமுக்கித்தான் கொண்டுவந்தாங்க."

திரும்பக் கடைக்குள் வந்தேன். தையல்காரம்மா சிவப்புச் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு, விசாரணை அறிக்கையின் கடைசிப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுல ரெண்டு கையெழுத்து இருக்கே தம்பி" என்றார்.

கடையில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. எனக்கு நெற்றியில் வேர்த்திருந்தது. பேனா பிடிக்கிற இரண்டு விரல்கள் மட்டும்... சில்லென்றிருந்தன.

இன்றைக்கும் அப்படித்தான். அந்த விரல்களின் சூட்டைத் தினமும் அளந்து குறித்துவருகிறேன். நேற்று பதினேழு. இன்று பதினான்கு.