பிடுங்கிச் சொருகச் சொன்னேன்

எங்கள் கல்லூரியில் சோலார் லேப் மொட்டை மாடியில்தான். திருப்பதி வெயிலில் பதினோரு மணிக்கு அங்கே நிற்பதே தண்டனை. அன்று மேடம் கைக்கு ரப்பர் உறையும் முகத்துக்குக் கண்ணாடித் தடுப்பும் போட்டுக்கொண்டு, எங்களைத் தள்ளி நிற்கச் சொன்னார். வரிசையாக இணைத்த பேனல்களிலிருந்து ஒரு ஹீட்டர் எரிந்துகொண்டிருந்தது. அது எரியும்போதே நடுவில் இருந்த ஒயர் இணைப்பை மெல்லப் பிரித்தார்.

பிரிந்த இரண்டு முனைகளுக்கும் இடையில் நீலமாக நெருப்பு நின்றது. பொறி தட்டி அணையவில்லை. மேடம் விலக்க விலக்க அதுவும் கூடவே நீண்டது. பிளாஸ்டிக் கருகி நாறியது.

"வீட்டு கரண்ட் மாதிரி இது சட்டுனு அணையாது. ஸ்விட்ச் ஆஃப் பண்ணினாலும் வெயில் இருக்கிற வரைக்கும் பேனல் ஒயர்ல கரண்ட் இருக்கும். வெறுங்கையால புடுங்கினா ஆள் காலி. அர்த்தமாயிந்தா?"

எனக்கு நன்றாகவே விளங்கியது.

முந்தின நாள் காலை என் அப்பா போன் பண்ணியிருந்தார்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். வடமாலபேட்டைப் பக்கம் எங்கள் நிலத்தில் சோலார் மோட்டார் உண்டு. "மோட்டார் உறுமுது, தண்ணி வரலம்மா" என்றார். மெஸ்ஸில் இட்லி தின்றுகொண்டிருந்த மூன்றாம் வருஷ மேதாவி நான் யோசிக்கவே இல்லை. "பேனல் ஒயரப் புடுங்கி மறுபடி சொருகு நைனா, சரியாப் பூடும்" என்றேன். டிவி பெட்டிக்குச் சொல்கிற மாதிரி சொல்லிவிட்டேன்.

மேடத்திடம்கூடச் சொல்லாமல் கீழே ஓடினேன். போன் பைக்குள் இருந்தது. நைனாவுக்கு அடித்தேன்; மணி போனது, எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், எடுக்கவில்லை. வீட்டில் நாங்கள் இரண்டே பேர். வேறு யாரைக் கேட்பது? அடிப்பாவி, அடிப்பாவி என்று என்னையே திட்டிக்கொண்டு திரும்பத் திரும்ப அடித்தேன். எட்டாவது தடவை எடுத்தார்.

"இன்னாம்மா? சொக்காய மரத்துல மாட்டிட்டேன், போன் அதுல இருந்துச்சு, இப்பதான் எட்த்தாந்தேன். சோறு துன்னியா?"

"நைனா, அந்த ஒயரு..."

"நேத்தே புடுங்கினேம்மா. குப்புனு நெருப்பு வந்துச்சு. வெரலு லேசா பொசுங்கிச்சு."

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"படிச்ச பொண்ணு நீ, தப்பா சொல்லுவியா? நான்தான் சரியாப் புடுங்கலன்னு நெனச்சேன். இப்ப மறுபடி புடுங்கலாம்னு ஒயரப் புட்ச்சிக்கினு நிக்கிறேன்."

"வுடு நைனா! கைய எடு! தள்ளிப் போ!"

நான் போட்ட கூச்சலில் வராந்தாவே திரும்பிப் பார்த்தது. "எட்த்துட்டியா நைனா?" என்று மறுபடி கத்தினேன்.

"எட்த்துட்டேம்மா. தள்ளி வந்துட்டேன்" என்றார். "அடுத்து இன்னா செய்யணும், சொல்லு."

கல்லூரியில் சேர்ந்த நாளிலிருந்து அவர் கேட்ட எதற்கும் தெரியாது என்று நான் சொன்னதில்லை.

"தெரியாது நைனா" என்றேன். "அதும்பக்கம் போவாத. மேடத்தக் கேட்டுக்கினு வந்து சொல்றேன்."