மாடு திரும்பாத நிலம்

இரண்டாம் உலக யுத்தம் தொடங்குவதற்கு இரண்டொரு வருஷம் முன்னால் சேலத்தில் நடந்தது இது. தறியை நம்பி இனி குடும்பம் நடத்த முடியாது என்று எனக்குத் தோன்றிவிட்டது. ஊரோ நாலா பக்கமும் பெருத்துக்கொண்டிருந்தது. மனை வாங்கி விற்றுப் பிழைக்கலாம் என்று தறியை விற்றுவிட்டு, ஒரு நிலத் தரகரோடு வெயிலில் சுற்றித் தொழில் பழகினேன்.

முழுசாகப் பழகுவதற்குள் எனக்கு அவசரம். தரகர் வெளியூர் போயிருந்த சமயம், அயோத்தியாப்பட்டணம் போகும் பாதையில் ஒரு நிலத்தைப் பார்த்துச் சொக்கிப்போனேன். மேடு பள்ளமே இல்லாமல் நீளமாகப் போனது. ஓரத்தில் புளியமரங்கள். மனைவியின் நகைகளை விற்று வாங்கிவிட்டேன்.

தரகர் திரும்பி வந்து பார்த்ததும் தலையில் கைவைத்துக்கொண்டார்.

"ஏனுங்க, இதுல ஏர் பூட்டுனா மாடு எப்படித் திரும்பும்? கிணறு எங்க வெட்டுவீங்க?"

அவர் கேட்ட பிறகுதான் நிலத்துக்கு அகலம் என்று ஒன்று உண்டு என்பதே எனக்கு உறைத்தது. "உங்களுக்கு நீளமா இருந்தாப் போதும்ங்க, சேலையா நிலமான்னு பாக்கமாட்டீங்க" என்றாள் மனைவி. சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். வெறும் காதோடு அவள் சிரித்ததைப் பார்க்க எனக்கு முகமில்லை.

மாதக்கணக்கில் யாரும் வாங்க வரவில்லை. கடைசியில் ஒருவர் பாதி விலைக்குக் கேட்டார். காலையில் வந்து முடித்துக்கொள்வதாகப் பேச்சு. முந்தின நாள் சாயங்காலம் நிலத்தில் நின்றுகொண்டிருந்தேன். ராசிபுரத்திலிருந்து பிழைக்க வந்த நெசவாளி ஒருவர் தயங்கித் தயங்கிக் கிட்டே வந்தார்.

"எங்க தெருவுல வண்டித் தொந்தரவு தாங்கலைங்க. வெடியக்காலத்துல இங்க ஒரு பாவு நீட்டிக்கட்டுங்களா?"

தறியில் ஏற்றுவதற்கு முன் நீளவாக்கு இழைகளை இழுத்துக் கட்டிக் கஞ்சி போடுவதுதான் பாவு நீட்டுவது. எப்படியும் கைவிட்டுப் போகிற நிலம், செய்துகொள்ளுங்கள் என்றேன்.

மறுநாள் விடியும்போது போனேன். போனவன் அப்படியே நின்றுவிட்டேன். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அரக்குச் சிவப்பில் பாவு நீண்டிருந்தது. எங்கும் வளையவில்லை, மடியவில்லை. குடும்பமே இருபுறமும் கஞ்சி தேய்த்துக்கொண்டு நடந்தது. சூரியன் ஏற ஏற ஒவ்வொரு இழையும் தனித்தனியாக மின்னியது. பிறந்ததிலிருந்து பாவு பார்த்தவன் நான். அன்றைக்கு எனக்கு உடம்பு சிலிர்த்துக் கண்ணில் நீர் வந்துவிட்டது. என் கண்ணை இந்த நிலத்தில் கட்டிப்போட்டது எது என்று அப்போதுதான் தெரிந்தது. நான் வாங்கியது பாவு நீட்டுவதற்கென்றே அமைந்த ஒரு பாவடி!

வாங்க வந்தவரும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தார். "மன்னிச்சுக்குங்க, விக்கறதா இல்லைங்க" என்றேன்.

பாவு போட வந்தவர்களே ஓரத்தில் மனை கேட்டார்கள். ஒரு பக்கம் ஒற்றை வரிசையாக ஒடுங்கலான சின்ன வீடுகள் எழுந்தன. எதிரே பாவுக்கு விட்ட இடத்தை நான் விற்கவேயில்லை. மனைவியின் காதில் மறுபடி தோடு ஏறியது.

அதற்குப் பிறகு எத்தனையோ நிலம் வாங்கி விற்றுவிட்டேன். இன்றும் எந்த நிலத்தைப் பார்க்கப் போனாலும் விலை கேட்பதற்கு முன் விடியற்காலையில் ஒரு தரம் அங்கே போய் நிற்பேன், அது யாருக்காகக் காத்திருக்கிறது என்று பார்க்க.