ஜன்னலுக்கு அடியில் நின்ற ஸ்கூட்டர்

இளம்பிள்ளையில் மாடி வீடொன்றில் வாடகைக்கு இருக்கிறேன். சூரமங்கலத்தில் ஒரு கண் மருத்துவமனையின் மருந்துக் கவுண்டரில் வேலை. பஸ்ஸுக்கு ஓடி ஓடி அலுத்துப்போய்த்தான் எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் வாங்கினேன்.

வாங்கியதிலிருந்து என் வேலைநாள் முந்தைய மாலையே தொடங்கிவிட்டது. சமையலறை ஜன்னல் வழியாக நீள வயரைக் கீழே விட்டு, இறங்கிப் போய் சார்ஜரைச் செருகிவிட்டு வருவேன். காலையில் பால் காய்ச்சும் முன்பே கீழே போய் எத்தனை சதவீதம் ஏறியிருக்கிறது என்று பார்த்தாக வேண்டும். டயரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்து, பனி ஈரத்தைத் துடைத்து, மழைக்கோட்டை சீட்டுக்கடியில் திணித்த பிறகுதான் குளியல்.

போன ஐப்பசியில் ஒருநாள் காலை இருபத்திரண்டு சதவீதம்தான் காட்டியது. கரண்ட் போகவில்லை. யாரோ சார்ஜரைக் கழற்றி, அதன் வயரை அழகாகச் சுருட்டி சீட்டின்மேல் வைத்திருந்தார்கள்.

கீழ்வீட்டில் இருக்கும் வீட்டுக்கார அக்காவிடம் கோபமாகத்தான் கேட்டேன்.

"நாந்தான் கழட்டுனேன். இந்த மாதிரி வண்டிக நின்ன எடத்துலயே தீப்புடிக்குதுன்னு டிவியில காட்டுறாங்க."

"அது எங்கியோ ஒண்ணு ரெண்டுங்க்கா. இது நல்ல வண்டி."

"இருக்கட்டும் சாமி. ஒண்ணு ஆயிப்போச்சுன்னா நீ ஓடிருவே. நான் அவரை எப்படித் தூக்கிட்டு ஓடுவேன்?"

பக்கவாதத்தில் விழுந்து இரண்டு வருடமாகப் படுக்கையில் இருக்கும் அவர் கணவரின் கட்டில், வண்டிக்கு நேரே உள்ள ஜன்னலுக்கு அந்தப் பக்கம்தான் கிடந்தது.

அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே போனேன். கம்பெனிக்காரர்கள் சொன்ன பாதுகாப்புகளையெல்லாம் சாயங்காலம் அக்காவிடம் சொல்லிப் புரியவைக்க வேண்டும் என்று மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். இறங்கும்போது அவற்றில் ஒன்றும் மிஞ்சவில்லை. இத்தனை நாள் ஒரு மனிதரின் தலைமாட்டில் வண்டியை நிறுத்தியிருக்கிறேன். நிழலான இடம் என்பதற்கு மேல் ஒருநாளும் யோசித்ததில்லை.

திரும்பும்போது இன்னும் நீளமான வயர் ஒன்று வாங்கினேன். வண்டியை வாசல் கேட்டோரம் தள்ளி நிறுத்தினேன்.

"இனிமே விடியக்காலம், நான் முழிச்சிருக்கறப்ப மட்டும் போடறேனுங்க்கா."

"அஞ்சு மணிக்கே எந்திரிக்கோணுமே?"

"எந்திரிச்சுக்கறேன்."

மறுநாள் ஐந்து மணிக்கு நான் இறங்கியபோது கேட் விளக்கு எனக்காக எரிந்துகொண்டிருந்தது.

இப்போது வண்டி கண்ணில் படும்படி மாடிப்படியில் உட்கார்ந்துதான் காய் நறுக்குகிறேன். மூன்று மணி நேரத்தில் முழுதாக ஏறாது, போய்வரப் போதும். அக்காவின் பயத்தில் பாதி எனக்கும் வந்துவிட்டது. வயரைக் கழற்றும் முன், காய்ச்சல் பார்ப்பதுபோல் பேட்டரி மூடியில் புறங்கையை வைக்கிறேன். சில நாள் அக்காவும் வந்து தொட்டுப் பார்ப்பார்.

"சூடில்ல. பாத்துப் போயிட்டு வா."